எம்மும் என்னும்

அண்ணா,

இல்லை, அப்பா பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. "நீ சண்டை போட்டுட்டுப் போன அன்னைக்கே உன் பேரை எடுத்திருப்பாருடி, விட்டுத் தொலை" என்றாயே, அதை நம்பி நான்கு நாள் அழுதேன்.

அவர் இறந்த பிறகு பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டர் அது. உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். கீபோர்டின் பட்டன்களைக் கழற்றிக் கழுவினேன். திரைக்கு உயிர் வந்தது. அவருடைய நாட்குறிப்பு மட்டும் திறக்கவில்லை. அவர் என்னைக் கூப்பிடும் 'மின்னி'தான் எப்போதும் பாஸ்வேர்டு. ஆங்கில எழுத்தில் எத்தனை முறை அடித்தாலும் 'தவறு' என்றது. அடித்த எழுத்துக்குப் பதில் வெறும் நட்சத்திரங்கள். எரிச்சலில் மேசையைக் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம்.

இன்று உன்னைத் திட்டி எழுத அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தேன். அதே ஆங்கில எழுத்துகளில் 'அண்ணா' என்று அடித்தேன். திரையில் 'அம்மா' என்று வந்தது.

கழுவிய பட்டன்களில் 'எம்', 'என்' இரண்டையும் இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். "கீபோர்டைப் பாத்துப் பாத்து அடிக்கிறவளுக்கு நல்லா வேணும்" என்பாய். சொல்லிக்கொள். ஆனால் அப்பாவைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்.

இரண்டையும் பிடுங்கிச் சரியாகப் போட்டேன். மின்னி என்று அடித்தேன். திறந்துகொண்டது. இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுவிட்டு, பேனாவைத் தேடி எடுத்து இதை எழுதினேன்.

கோபம் தீராத
உன் தங்கை