காவல் நிலையத்தில் கிடக்கும் நட்சத்திர வியாபாரிகள்

அனுப்புநர்:
ம. யூஜின்,
பூகோள ஆசிரியர்,
காக்ஸ் டவுன், பெங்களூர்.

பெறுநர்:
உயர்திரு கஸ்தூரிரங்கன் அவர்கள்,
காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர்,
பெங்களூர்.

பொருள்: என் நாவலை, இயலாவிடில் என்னையாவது, விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கேள்விப்பட்ட தைரியத்தில் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போய்ச் சரக்கு விற்கும் வியாபாரிகளின் கதை. அதில் வரும் நீர்க்கிரகத்து மக்களுக்கு விலையை வாயால் சொல்வது பெரிய அவமரியாதை. கூரையில் துணி கட்டித்தான் பேரம் பேசுவார்கள். சிவப்பு என்றால் கட்டுப்படியாகாது. இரண்டு வெள்ளை என்றால் சம்மதம்.

2. இந்த வழக்கம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஜனவரி 13, ஞாயிறு பூசை முடிந்து வந்து, என் மாடியில் மனைவியின் சிவப்புப் புடவையைக் கட்டினேன். பக்கத்துப் பிரேசர் டவுனில் நண்பர் பெர்னார்ட் தம் மாடியில் இரண்டு வேட்டிகளைக் கட்டிப் பதில் சொன்னார். பேரம் பிரமாதமாகப் படிந்தது. சீன எல்லையில் சண்டை ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதைப் படித்த மடையர்கள் இருவரும் மறந்துபோனோம்.

3. யாரோ தகவல் கொடுக்க, ஒற்றர் சைகை என்ற சந்தேகத்தில் நாவல் எழுதிய என் ஏழு நோட்டுகளும் எடுத்துச் செல்லப்பட்டன. விசாரணை முடியும்வரை நான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். தவறு என்னுடையது. இதுவரை எனக்குப் புகார் இல்லை.

4. ஆய்வாளர் திரு. சேஷகிரி ஏழு நோட்டுகளையும் படித்துவிட்டார். இரண்டாம் முறையும் படிக்கிறார். நான் ஒற்றன் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "கதை நல்லாத்தான் இருக்கு மேஷ்ட்ரே, முடிவு தெரியாம ஃபைலை எப்படி க்ளோஸ் பண்றது?" என்கிறார். முடிவு எழுதித் தருகிறேன், நோட்டுகளைக் கொடுங்கள் என்றால், கோப்பு மூடும்வரை சான்றுப் பொருளைத் தர விதியில்லையாம். ஆறு வாரமாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறோம். நோட்டு இல்லாமல் எனக்கு எழுதவும் வரவில்லை. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதே மறந்துவிட்டது.

5. என் மனைவி நோரா தலைப்பிரசவத்துக்குக் கோலார் தங்கவயலில் தாய்வீட்டில் இருக்கிறாள். பிப்ரவரி 3ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. ரயிலில் சில மணி நேரப் பயணம்தான். நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்காக ஞானஸ்நானத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார்கள். குழந்தை யாரைப் போல இருக்கிறாள் என்று கேட்டெழுதினால், நோரா சொல்ல மறுக்கிறாள். வந்து பாருங்கள் என்கிறாள்.

6. ஆகவே, நாவலின் முடிவை இங்கேயே எழுதிவிட்டேன்: 'வியாபாரி சரக்கை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.' மட்டமான முடிவுதான். ஆய்வாளருக்குப் பிடிக்காவிட்டால், அவர் விரும்பும் முடிவை அவரே எழுதிக்கொள்ளட்டும், என்னுடையதென்று கையெழுத்திடுகிறேன். நோட்டுகளையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். வரும் சனிக்கிழமை காலை தங்கவயல் ரயிலில் ஏற எனக்கு அனுமதி தாருங்கள்.

இடம்: காக்ஸ் டவுன்
நாள்: 11-3-1963

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ம. யூஜின்