குடும்பத்தோடு இருக்கப் போகிறவருக்கு

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் சளி விட்டதா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தாயிற்று. மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வாய் மட்டும் அப்படியே உங்களுடையது, எதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன் ஒரு காலையில், என் போனில் தெரியும் உங்கள் நாட்காட்டி வெறுமையாகிவிட்டது. உங்கள் செயலாளர் அம்மா குறித்து வைத்திருந்த எதுவும் இல்லை. விமானங்கள், கூட்டங்கள், என்னோடு போனில் பேச ஒதுக்கிய 'வீடு, பதினைந்து நிமிடம்', மகளின் பிறந்தநாள்கூடப் போய்விட்டது. போன்தான் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, போன் நல்லாத்தாம்மா இருக்கு, அந்தப் பக்கம் அவரோட கணக்கையே மூடிட்டாங்க என்றார்.

மத்தியானம் என் தம்பி கூப்பிட்டான். போன மாதம்தானே உங்கள் கம்பெனியின் இன்னொரு ஊர் அலுவலகத்தில் சேர்ந்தான். அக்கா, மாமா இனிமே குடும்பத்தோட நேரம் செலவிடப் போறாராமே, எங்க எல்லாருக்கும் மெயில் வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம் என்றான். பாவம், அப்படியே நம்பிவிட்டான். புதுத் தலைவர் வந்தால் பழைய தலைவரின் ஆட்களை எந்த வரியைப் போட்டு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? முன்பு அப்படிப் போன மூன்று பேருக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே. நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, 'தன் விருப்பப்படி' என்று சேர்க்கலாமா என்று என்னிடம் யோசனை வேறு கேட்டீர்கள். நானும் சேருங்கள் என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அன்றிலிருந்து, வேலையாகப் போன ஊரில் நீங்கள் தங்கியிருக்கும் அந்த ஓட்டல் அறையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, வீடியோ காலில் இன்றைக்கும் மீட்டிங் இழுத்துவிட்டது என்று எனக்குக் கதை அளக்கிறீர்கள். அதுவும் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். வேலையில் இருந்தபோது என்றைக்காவது என்னோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறீர்களா? பொய் சொல்ல உங்களுக்குச் சாமர்த்தியம் போதாது.

எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது. வேலை போனதற்காக இல்லை. சாதாரண என்ஜினீயராகச் சேர்ந்து துணைத் தலைவர் வரைக்கும் வந்தீர்கள், அதில் எனக்கு எப்போதும் பெருமைதான். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வந்து இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்று நினைத்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. பதினாறு வருடமாக நீங்கள் இல்லாமல் இந்த வீட்டை நடத்திப் பழகிவிட்டேன். உங்களை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவதென்று எனக்குத் தெரியாது. வீட்டில் எப்படி இருப்பதென்று உங்களுக்கும் தெரியாது. சண்டை வந்தாலும் பரவாயில்லை, சேர்ந்தே கற்றுக்கொள்வோம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

பயந்துகொண்டே காத்திருக்கும்,
உங்கள் மனைவி