தவிடு மட்டும் வேண்டாம்

மாசாணியம்மன் துணை

பல்லடம்,
16.6.1996

அன்புள்ள அம்மணி கீதாவுக்கு உன் நங்கையாள் சின்னாத்தாள் எழுதிக்கொண்டது. அம்மன் புண்ணியத்தில் நானும் லோகப்பிரியாவும் சுகம். அமெரிக்காவில் நீயும் என் தம்பி திருமலைசாமியும் சுகமாக இருக்க வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறேன். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் புதிதாகத் தறி போட்டிருக்கிறார்கள். பகலெல்லாம் ஒரே சத்தம். முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எனக்கு என்னமோபோல் இருக்கிறது.

பிள்ளை பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் போயிருக்கிறாள், உங்கள் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்க. அவள் வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

தம்பி போனில் எல்லாம் சொன்னான். "தவுட்டுக்கு வித்த புள்ளைய மறுபடி எம்புள்ளைன்னு எழுதிக் குடுத்தா சாமி சும்மா உடுங்களா" என்று நீ அழுதாயாம். உன் பயம் எனக்குத் தெரியாதா அம்மணி? இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் நீ. மூன்றாவதாக லோகப்பிரியாவை அமெரிக்காவில் பெற்றுத் தூக்கிக்கொண்டு வந்து, இதுவாவது தங்கட்டும் என்று குலசாமி வாசலில் என் மடியில் போட்டாய். நான் ஒரு படி தவிட்டை அளந்து கொடுத்து வாங்கினேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் அம்மா, நீ அத்தை. சாமியும் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நானும் அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். வருசா வருசம் போலீஸ் ஆபீசில் அவள் பாஸ்போர்ட்டைக் காட்டி முத்திரை வாங்கும்போதுகூட, வெளியூரில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது, ரேஷன் கார்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பிளஸ் டூவில் நல்ல மார்க். பீளமேட்டுக் காலேஜில் என்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டாள். இந்த ஊர்ப் பிள்ளை என்று சர்ட்டிபிகேட் கேட்டார்கள். தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் தம்பி, "பாஸ்போர்ட்டுல அமெரிக்கான்னு இருக்குதுங்களே, நாங்க எப்படிங்கம்மா பல்லடம்னு எழுதறது?" என்றான். பால்குடி மறந்ததே பல்லடத்தில்தானே, குலசாமி சாட்சியாகத் தவிடு கொடுத்து வாங்கினேனே என்று சொன்னேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, தவுட்டுக்கு ரசீது வாங்கிப்போட்டீங்களா?" என்று கேட்டான். ஆபீஸே சிரித்தது. கூடச் சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நாலு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அவளுக்குச் சர்க்கார் சீட்டும் இல்லை, ஸ்காலர்ஷிப்பும் இல்லையாம். அந்நிய நாட்டுப் பிள்ளையென்று டாலரில் கட்டினால் தனி சீட்டு உண்டாம். என் வீட்டுக்காரர் போன பிறகு கோழிப்பண்ணையை விற்றுத் தின்கிறவள் நான் டாலருக்கு எங்கே போவேன்? உங்களுக்கும் அது பெரிய தொகை என்று தம்பியே சொன்னான். அங்கே என்றால் அவள் அந்த நாட்டுப் பிள்ளை. பெற்றவர்கள் குடியிருக்கிற மாநிலத்தில் பீஸ் குறைவு, சர்க்கார் உதவியும் கிடைக்கும் என்கிறான். ஆனால் பெற்றவர்கள் நாங்கள்தான் என்று நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ பேனாவைத் தொட மாட்டேன் என்கிறாய்.

அதனால் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன். "வாங்குனவ மனசு நோகாம குடுத்தா குத்தமில்லீங்க. பெத்தவ முறையா ஒரு படி தவுடு அளந்து குடுத்துத் திருப்பி வாங்கிக்கோணும்" என்றார். இதைத் தம்பியிடம் சொன்னதும், "அதுக்கென்னக்கா, நீயே ஒரு படி தவுடு வாங்கி ஊட்டுல வெச்சுக்க, காசு நான் அனுப்பறேன்" என்கிறான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எல்லாம் சுலபம்.

அம்மன் சன்னதியில் பூக் கேட்டுப் பார்த்தேன் அம்மணி. பிள்ளையை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வெள்ளைப் பூ வந்தது. அனுப்பச் சொல்லிவிட்டாள் அம்மன். தவிட்டைப் பற்றிப் பூக் கேட்கவில்லை. கேட்டு எனக்கு விரோதமாகப் பூ வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

நேற்றைக்குப் பிள்ளை தோழி வீட்டில் சாப்பிட்டு வந்தாள். எனக்கு மட்டும் உலை வைத்தேன். அரிசி எவ்வளவு போடுவது என்று கை தடுமாறிப் போய்விட்டது. மீந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிக்குத்தான் போட்டேன்.

அவள் காபி குடிக்க மாட்டாள், பால்தான். வியாழக்கிழமை தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும். ஏரோப்பிளேன் விட்டு இறங்கியதும் உன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "அப்போ உன்ன என்னன்னு கூப்புடறது?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

பயப்படாமல் கையெழுத்துப் போடு கண்ணு. அம்மா என்கிற இடத்தில் உன் பேரையே எழுது. மனசு நோகாமல்தான் அனுப்புகிறேன். குற்றம் ஏதாவது இருந்தால் என் தலையோடு போகட்டும் என்று சூலத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு படி தவிடு மட்டும் திருப்பித் தர வேண்டாம் அம்மணி. அது உன்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நங்கையாள்
சின்னாத்தாள்