அணைக்கட்டுப் படத்தின் கீழே நான் எழுதியது

என் செல்ல அண்ணனுக்கு,

நாலு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நிக்டி பஸ் ஸ்டாப் பக்கத்து சைபர் கஃபேக்குப் போகிறேன், இணையத்தில் உன் பக்கத்தைத் திறக்கிறேன், ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டு வருகிறேன். டெங்கு உன்னைக் கொண்டுபோய்ப் பத்து மாதமாகிறது. பக்கம் அப்படியே இருக்கிறது. விஷயம் தெரியாத யாரோ பிறந்தநாள் வாழ்த்துகூடப் போட்டிருக்கிறார்கள்.

கடக்வாஸ்லா அணையில் நீயும் உன் சிநேகிதன் நிதினும் ஒரே மக்காச்சோளத்தைப் பிய்த்துத் தின்னும் படம் ஞாபகமிருக்கிறதா? அதன் கீழே நான் எழுதினேன்: "என்ன அண்ணே, சக்கா மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்க?" கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

பரீட்சைக்குப் பயந்தவன் சக்கா, ரோஸ் சட்டை போட்டவன் சக்கா. திருநங்கைகளை இழித்துச் சொல்கிற சொல் அது; 'நீ ஆம்பிளையே இல்லை' என்று சொல்ல எங்கள் காலேஜில் அந்த ஒரு சொல் போதும். அது யார் மேல் போய் விழுகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா?

நிதின் மராத்திக்காரன், அவனுக்குப் புரியக் கூடாதென்றுதான் தமிழில் எழுதினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைப் பற்றித் தமிழில் கிண்டலடிப்போமே, அதே தைரியம். ஆனால் அந்த வரியில் குத்துகிற சொல் மட்டும் ஹிந்தி. அவனுக்குப் புரிந்ததும் அது மட்டும்தான்.

போன வாரம் உன் புத்தகங்களைத் திருப்பித் தர நிதின் வந்தான். அம்மா டீ போட உள்ளே போனதும் ஹிந்தியில் மெதுவாகச் சொன்னான். "நாங்க மூணு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினோம். முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தான். ஞாயித்துக்கிழமை சொல்றதா இருந்தான். சனிக்கிழமை நீ அதை எழுதின." அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாய். "ஏட்டி, ஒண்ணு சொல்லணும்" என்றாய். அப்புறம், "ஒண்ணுமில்ல, வண்டிச் சாவிய எங்க வச்ச?" என்றாய். சாவி உன் கையிலேயே இருந்தது. அதற்கும் சிரித்தேன், பாவி.

மற்றவர்கள் அந்தச் சொல்லை எழுதியபோதெல்லாம் நீ அழித்துவிடுவாயாம், நிதின் சொன்னான். என்னுடையதை மட்டும் ஏன் விட்டுவைத்தாய்? தங்கச்சிதானே என்றா? நானே ஒருநாள் உணர்ந்து எடுப்பேன் என்றா?

நிதினைக் கேட்டுக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்க முடியவில்லையே. அம்மா "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்றாள். மறுநாள் அரிசி களைந்துகொண்டே, "அந்தப் பிள்ளைய ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லுட்டி" என்றாள்.

இன்று நான் எழுதியதை அழிக்கத்தான் போனேன். மனசு வரவில்லை, அழித்தால் நான் தப்பித்த மாதிரி ஆகிவிடும். அதன் கீழே எல்லோருக்கும் புரியும்படி ஹிந்தியில் எழுதினேன்: "மேலே இருப்பதை எழுதியது இவன் தங்கச்சி. அது தப்பு."

இனி அந்தச் சொல்லை யார் எழுதினாலும் கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டேன் அண்ணே, என் பேரைப் போட்டுப் பதில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை நிதினை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், நீ அன்று சொல்ல வந்ததை முழுசாகக் கேட்கப் போகிறேன்.

உன் வண்டிச் சாவியை வைத்திருக்கும் தங்கச்சி,
விஜி