காணாத மரம், செத்த மரம்

1951 செப்டம்பர் 4

இன்று முதல் எனக்குச் சேற்றுக்காட்டில் வேலை. லுக்குட் கடலோரத்துச் சேற்றில் வளரும் பாக்காவ் மரங்களை அளக்கும் கூட்டத்தில், என் வீட்டுக்காரர் கேப்ரியல் செய்த அதே வேலை. அவர் படகிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் போய்த் திரும்பாமல் நான்கு மாதம் ஆகிறது. வேலைக்கு ஆள் போகாத வீட்டுக்கு எஸ்டேட் லயத்தில் குடியிருக்க இடமில்லை என்று ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டார். அளவெடுக்கும் கூட்டத்தின் மேஸ்திரி, மண்டோர் இராஜமாணிக்கம் வந்து, எண் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். ஆண்களில் பாதிப் பேர் துப்பாக்கி தூக்கிக் கான்ஸ்டபிள் ஆகிவிட்டார்கள். அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

காலையில் முள்கம்பி கேட்டில் சோதனை. ஒரு பருக்கை சோறுகூட வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம்.

செப்டம்பர் 5

முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு போயிற்று.

செப்டம்பர் 11

பாக்காவ் மரம் வேர்களைத் தரைக்கு மேலேயே பரப்பிக்கொண்டு நிற்கிறது. மற்ற மரத்தைப்போல நெஞ்சு உயரத்தில் அளக்கக் கூடாது. மேல் வேருக்கும் மேலே நாடாவைச் சுற்ற வேண்டும். மண்டோர் அளவைக் கத்துகிறார். நான் எழுதிக்கொண்டே திருப்பிக் கத்துகிறேன். அளந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம். அடுத்த வருடம் அங்கேயே அளந்தால் மரம் எவ்வளவு பருத்தது என்று தெரியுமாம். தெரிந்து என்ன செய்வார்கள்? காட்டிலாகா துரைக்கே வெளிச்சம்.

சில வளையங்கள் போன வருடத்தவை. கேப்ரியல் பூசியவை. எண்ணை எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

செப்டம்பர் 19

அத்தை இன்றும் தம் மகன் கேப்ரியலுக்கு ஒரு தட்டுச் சோறு மூடி வைத்தார். ரேஷன் அரிசியில் அது ஒரு ஆள் சோறு. "வந்தா பசியோட வருவான் புள்ள" என்கிறார். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி நாங்கள் இரண்டு பேரும் தின்கிறோம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 27

ஒரு மரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அடிக்கட்டையும் இல்லை. 'செத்தது' என்று எழுதப் போனேன். மண்டோர் தடுத்தார்.

"கட்டையக் கண்ணால பாத்தியா? பாக்கலேல்ல? அப்ப காணோம்னு எழுதும்மா. செத்துச்சுன்னு எழுதிட்டா அந்த நம்பரு அதோட முடிஞ்சிச்சி. அப்புறம் ஒருத்தனும் தேட மாட்டான்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். நல்ல மனிதர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 'காணவில்லை' என்று எழுதினேன்.

அக்டோபர் 8

மழை. வேலை இல்லை. நாள் பூராவும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அக்டோபர் 13

கிராணி வாசலிலேயே நின்று பேசினார். "நேத்து காட்டுல நாலு பேரச் சுட்டுருக்காங்க. ஒருத்தன் தமிழன் மாதிரி இருக்கானாம். நாளைக்கு ஒன்ன ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க, அடையாளம் காட்ட. பாத்துப் பேசும்மா. ஒன் புருசன்தான்னு சொன்னா ஒங்க ரெண்டு பேரையும் தடுப்புக் கேம்புக்கு ஏத்திருவாங்க. அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்தான். கெழவி தாங்குமா?"

அத்தை குழாயடியில் இருந்தார். நான் சொல்லவில்லை.

கேப்ரியல் அவராகவே கம்யூனிஸ்டுகளிடம் போனாரா? பிடித்துக்கொண்டு போனார்களா? அவராகப் போயிருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அக்டோபர் 14

ஸ்டேஷன் முற்றத்தில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தார்ப்பாயைக் கால் பக்கம் முதலில் தூக்கினார்கள். இடது பெருவிரலில் பாதி நகம். பால்வெட்டுக் கத்தி விழுந்து போன நகம். பிறகு முகத்தையும் காட்டினார்கள்.

"ஒன் புருசனாம்மா?" என்றார் தமிழ்க் கான்ஸ்டபிள்.

இல்லை என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்துவிட்டேன், தெரியாத ஆள் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். நடந்து வீட்டுக்கு வந்தேன். உலை வைத்தேன்.

இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஏங்க இப்படிப் பண்ணீங்க? எலும்பும் தோலுமா இருந்தீங்களே — அங்க சோறு கெடைக்கலியா?

அக்டோபர் 15

வேலைக்குப் போனேன். ஓர் அளவைத் திருப்பிக் கத்த மறந்துவிட்டேன். மண்டோர் மறுபடியும் கத்தினார்.

அக்டோபர் 16

தட்டுச் சோறு. தின்றேன்.

அக்டோபர் 22

ஸ்டேஷனுக்குப் போனது அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவன் இல்லேன்னு நீயே பாத்துச் சொன்னியாமே. அந்தோனியாரு கைவிடல புள்ள. எங்கியோ உசுரோட இருக்கான்." அண்டை வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சுடப்பட்ட நாலு பேரையும் எங்கள் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் புதைத்துவிட்டார்களாம். மண்டோர் சொன்னார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கேட்டில் பெயர் கொடுத்து, மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற பேச்சில் போனோம். மாமா கல்லறையில் புல்லைப் பிடுங்கி மெழுகுவர்த்தி ஏற்றினோம். கிளம்பலாம் என்றேன். அத்தை மடியிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்தார்.

"அந்தாண்ட ஒரு தமிழப் புள்ளயும் கெடக்கானாமே. பெத்தவ எங்க இருக்காளோ, அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. நாமளாச்சும் ஒண்ணு ஏத்துவோம் புள்ள."

நான் நகரவில்லை. அவரே வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து போனார். பின்னாலேயே போனேன். நான்கு மண்மேடு. எது யாருடையது என்று ஓர் அடையாளமும் இல்லை. ஓரத்து மேட்டில் மெழுகுவர்த்தியை நட்டு, மண்டியிட்டார். பேர் தெரியாத இந்த ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே என்று வேண்டினார். அழுதார். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்காக.

கடல் காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டேன். உருகிய மெழுகு விரலில் விழுந்தது. சுட்டது.

"கைய எடு புள்ள, பொத்துப் போயிரும்" என்றார் அத்தை.

நான் எடுக்கவில்லை.