பின்சந்துக்கு அப்பால் தேவி வீடு

செவ்வாய், இரவு

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கார் பழுதானதால், இன்று அம்மாவும் நானும் டியூஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நடந்தே வந்தோம். எங்கள் வீட்டருகே உள்ள கோயிலின் பின்சந்தில் திரும்பினால், எதிரே என் தோழி தேவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய புது வீடு அது. அப்பா காரில் ஒருவழிச் சாலைகளைச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போவார். வெகுதூரம் என்றே நம்பி, அவள் பிறந்தநாளுக்கும் போகவில்லை.

“தூரம்னு சொன்னியே, இதான் லா உன் தூரம்?” என்றாள்.

“கார்ல சுத்திப் போகணும்,” என்றேன்.

“எனக்குக் காலு இருக்கு லா. சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

அவள் சிரிக்கவில்லை. ஈரத்துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கால் வலிக்கிறது. நாளை தனியாக நடந்து போனால் கதவைத் திறப்பாளா? அப்பாவிடம் கேட்டால் தூரம் என்பார். அம்மா கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.