துவைக்காத சட்டை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் தயக்கம். நான்கு வருடம் கழித்து வந்த கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூளையில் ஏதோ என்பது மட்டும் விளங்கியது. என் பக்கத்துச் சொத்தாக இருக்காது. எனக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று உன் அம்மா இருந்தவரை சொன்னாள். ஒன்பதாவது பெயிலானவனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

மர மில் கேட்டில் அதே காவல், அதே ஒற்றை அறை. போன மாதம் மில் நாய் முதலாளியையே கடித்துவிட்டது.

அப்பா

மார்ச் 15

அப்பாவுக்கு,

உடம்புக்கும் காவல் அணுக்கள் உண்டு. எதிர்ப்படுவதைத் தொட்டுப் பார்த்து, நம்முடையதா வெளியாருடையதா என்று அடையாளம் காண்பவை. எனக்கு அவை மூளை நரம்பின் மேலுறையையே வெளியாள் என்று கடிக்கின்றன. இடது கால் இழுக்கிறது. ஒரு கண் மங்கல். இப்போதைய மருந்து காவலையே மயக்கிவிடுகிறது. சளி பிடித்தாலும் படுக்கைதான்.

புதிதாக ஒன்றைச் சோதிக்கிறார்கள். அந்த உறையிலுள்ள புரதத்தின் சிறு பகுதியை, கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றிப் பழக்குவது. எலிகளில் பலித்தது. மனிதர்களில் உறுதியில்லை, கடி கூடவும் கூடும். மே மாதம் சேர்கிறேன்.

அதற்கு முன் அங்கே வரலாமா? அவரும் வருவார். அவர் கை பிடிக்காமல் என்னால் பஸ் ஏற முடியாது.

மகள்

மார்ச் 24

அம்மாடி,

விளங்கிவிட்டது. மூன்று மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்த முதலாளியின் காலைத்தான் நாய் கவ்வியது. கணக்கர், "கட்டிப் போடுய்யா" என்றார். "கட்டிப் போட்டா திருடன் வந்தாலும் பாத்துட்டுதாங்க இருக்கும்" என்றேன். முதலாளியின் பழைய பனியனைக் கிழித்து, தினம் கொஞ்சம் சாப்பாட்டுத் தட்டருகே போட்டேன். முதல் வாரம் குதறியது. இப்போது அவரைக் கண்டால் வாலாட்டுகிறது. என்னைக் கண்டால்தான் யோசிக்கிறது. உன் டாக்டர்களுக்கு ஆள் தேவையென்றால் சொல்.

உன் ஊசி பலிக்குமா, எனக்குத் தெரியாது.

அன்று மாலையும் கழுத்துமாக நீங்கள் இருவரும் கேட்டில் நின்றபோது குரைத்தது நாய் இல்லை. நினைவிருக்கிறது.

வாருங்கள். நாய்க்கு மாப்பிள்ளையைத் தெரியாது. அவருடைய சட்டை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

அப்பா

ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். போட்டிருந்த சட்டையையே கழற்றிக் கொடுத்துவிட்டார். இத்துடன் வருகிறது.

முப்பதாம் தேதி வருகிறோம். நாய்க்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் உங்கள் அறையில் மாட்டி வையுங்கள்.

மகள்